பின்லாந்தில் இத்தனை ஏரிகள் எப்படி வந்தன?

கேள்வி: வரைபடத்தில் பின்லாந்து சல்லடை மாதிரி இருக்கிறது, சுமார் 1,88,000 ஏரிகளாம். எல்லாம் பனிப்பாறை வேலையா?

பதில் 1: பெரும்பாலும் ஆமாம். 20,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்படலம் கிடந்தது, அது நகர்ந்தபோது அடியில் சிக்கிய கற்கள் உப்புத்தாள் போலப் பாறையைச் சுரண்டிப் பள்ளமாக்கின, உருகியதும் தண்ணீர் தேங்கிவிட்டது.

பதில் 2: சுரண்டியது பாதிக் கதைதான். தெற்கே சல்பவுசெல்கா மேடுகள், சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் பனியின் விளிம்பு நின்ற இடத்தில் குவிந்த மணலும் சரளையும். இன்றும் அணை போல ஏரிகளைத் தடுத்து நிற்கின்றன.

கேட்டவர்: சரி, நிலம் இன்னும் உயர்கிறதாமே?

பதில் 1: பனியின் பாரம் இறங்கியதால், பின்லாந்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள குவார்க்கன் பகுதி ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் எழும்புகிறது. எதிரே சுவீடனில் பழைய கடற்கரை இப்போது 286 மீட்டர் உயரத்தில்! படகுத்துறை வைத்திருப்பவர்கள்தான் பாவம்.