பிங்க் ஃபுளோய்ட்டின்ர உச்சம் எந்த அல்பம்?

இரணைமடுக்காரன்:
வணக்கம் உறவுகளே. இங்கிலாந்து றொக் இசைக்குழு பிங்க் ஃபுளோய்ட்டின்ர உச்சம் எந்த அல்பம் எண்டு எங்கட கடைப் பொடியனோட ஒரே வாக்குவாதம். அவன் 1979இல வந்த 'த வோல்' எண்டுறான். நான் 1973 'டார்க் சைட் ஒஃப் த மூன்' எண்டுறன்.

97இல மல்லாவியில இடம்பெயர்ந்து இருக்கேக்கதான் அந்தக் கசெற் கையில கிடைச்சது. கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில விட்டு, ஒராள் மிதிக்க, டைனமோவில ரேப் ஓடும். 'டைம்' பாட்டுத் தொடங்கேக்க மணிக்கூடுகள் எல்லாம் ஒண்டா அடிக்குமே, மிதிக்கிறவன் திடுக்கிட்டுக் காலை எடுத்தால் காணும், அவ்வளவு மணிக்கூடும் இழுபட்டு அழும். அதுகளை அலன் பார்சன்ஸ் எண்ட ஒலிப்பதிவாளர் ஒரு பழைய மணிக்கூட்டுக் கடையில ஒவ்வொண்டாப் பதிஞ்சவராம்.

கசெற்றைத் திருப்பிப் போட்டால் 'மணி', காசைப் பற்றின பாட்டு. காசுப்பெட்டிச் சத்தத்திலயே தாளம் பிடிச்சிருப்பாங்கள். பக்கத்துக் கொட்டிலில இருந்த தவில்காரர் எட்டிப் பார்த்து, "உது மிஸ்ரசாபு எல்லோ?" எண்டார். ஓம், ஏழு எண்ணிக்கைத் தாளமேதான். சக்ஸபோன் ஏழில போகும், பிறகு கிற்றார் தனிய வரேக்க நாலுக்கு மாறும். மனுசன் அந்த இடத்தில தொடையில தட்டுறதை நிப்பாட்டிப்போட்டு, "வெள்ளைக்காரன் தப்பீட்டான்" எண்டு சிரிச்சார்.

நீங்கள் சொல்லுங்கோ, எது உச்சம்?

பூநகரிப் பொடியன்:
அண்ணை, உங்கட கடைப் பொடியன் சரி. 'வோல்' இரட்டை இசைத்தட்டு, முழுக்க ஒரே கதை. 'கம்ஃபர்டப்ளி நம்ப்' கடைசியில கில்மர் வாசிக்கிற கிற்றாருக்கு மேல என்ன இருக்கு?

ஒட்டுசுட்டான் அக்கா:
ரெண்டும் இல்லை. 1975, 'விஷ் யூ வேர் ஹியர்'. குழுவில முந்தி இருந்த கூட்டாளி சிட் பரெட்டை நினைச்சு எழுதின பாட்டில வேலை செய்துகொண்டிருக்கேக்க, அவரே ஸ்ரூடியோவுக்கு வந்து நிண்டிருக்கிறார். மொட்டை, புருவமும் மழிச்சு, உடம்பும் ஊதி. ஆர் எண்டு ஒருத்தருக்கும் முதல்ல பிடிபடேல்லை. அந்த நிலை எப்பிடி எண்டு வன்னியில இருக்கிற எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இரணைமடுக்காரன்:
தம்பி, அந்தக் கிற்றாரைக் குறை சொல்ல மாட்டன். ஆனால் 'வோல்' பேஸ் கிற்றார்காரர் வோட்டர்ஸ் தனிய இருந்து எழுதிக்கொண்டு வந்து மற்ற ஆக்களுக்குப் போட்டுக் காட்டினது. அது முடியிறதுக்குள்ள கீபோர்ட் வாசிச்ச ரைற்றைக் குழுவை விட்டே கலைச்சாச்சு, பிறகு மேடையில சம்பளத்துக்கு வாசிச்சவர். 'டைம்' பாட்டைப் பாருங்கோ, எழுதினது நாலு பேரும். இசைத்தட்டு வர ஒரு வருசம் முந்தியே, 1972இல, முழு அல்பத்தையும் மேடை மேடையா வாசிச்சுத் திரிஞ்சவங்கள். சனத்துக்கு முன்னால பழுத்த பாட்டுகள் அண்ணை தம்பிமாரே, அறைக்குள்ள இருந்து கணக்குப் போட்டதில்லை.

அக்கா, உங்கட 75க்கு நான் எதிரியில்லை. அந்தப் பரெட் பாட்டும் 1974இலயே மேடை ஏறினது. 'அனிமல்ஸ்' 1977இல வந்தாலும் அதில இருக்கிற 'டோக்ஸ்', 'ஷீப்' ரெண்டும் அதே 74இல வேற பேரில வாசிச்சதுதான். அப்ப 72இல இருந்து 74 வரைக்கும் மேடையில விளைஞ்சதைத்தான் மூண்டு அல்பமாத் திண்டிருக்கிறம். அதில முதல் அறுவடை என்ர கட்சி, மாற மாட்டன்.

'அனிமல்ஸ்' ஆக்கள் ஒருத்தரும் இஞ்ச இல்லையோ? 'டோக்ஸ்' 17 நிமிசம், கடையில சனம் நிக்கேக்கப் போட்டால் சாமான் வாங்காமலே போயிடுங்கள்.