குளத்தங்கரை ஆலமரத்தின் வயது: பலகை எழுதும் முன் ஒரு நிமிஷம்

ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

மஸ்கட் அண்ணாச்சி நம்ம குழுவில் போட்ட ஆலமரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடிமரத்தில் '1089' என்று வெட்டியிருப்பது தெளிவாகவே தெரிகிறது. சின்ன வயதில் அந்த நிழலில்தான் பாதி நாள் கிடந்தேன், ஒரு தடவைகூடக் கண்ணில் பட்டதில்லை. கண்டுபிடித்ததற்கு அண்ணாச்சிக்கு நன்றி. ஆனால் அதை கி.பி. 1089 என்று வைத்துக்கொண்டு, 'குலோத்துங்க சோழன் காலத்து மரம்' என்று பலகை எழுத ஆள் பார்ப்பதாகப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

அந்தக் காலத்துக் கல்வெட்டில் பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டைத்தான் எழுதுவார்கள். கி.பி. கணக்கும் இந்த எண் வடிவமும் அப்போது இங்கே கிடையாது. அப்படியென்றால் 1089 என்ன? நம்ம ஊர் எங்கே இருக்கிறது என்று யோசித்தாலே போதும். செங்கோட்டைப் பக்கம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் (கடைசி சில வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி) பூமி. பத்திரம், பிறந்த நாள், கடன்சீட்டு எல்லாம் கொல்லம் ஆண்டில்தான், அதாவது மலையாள வருஷக் கணக்கில். ஆச்சி 'தொண்ணூத்தொம்பது வெள்ளம்' என்று சொல்வாளே, அது 1924-இல் வந்த வெள்ளம், கொல்லம் 1099. அதே கணக்கில் 1089 என்றால் 1913 ஆவணியில் தொடங்கி 1914 ஆடியில் முடிகிற வருஷம். யாரோ ஒருவர் நூற்றுப் பத்து வருஷத்துக்கு முன்னால் கத்தியோடு அந்த மரத்தடியில் நின்றிருக்கிறார். எனக்கு அதுவே சிலிர்ப்பாக இருக்கிறது.

சிங்கப்பூர் தம்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார்: 'எழுத்து இடுப்பு உயரத்தில்தான் இருக்கிறது, நூறு வருஷத்தில் மரத்தோடு மேலே போயிருக்க வேண்டாமா?' போகாது தம்பி. மரம் உயர்வது கிளை நுனியில் மட்டும்தான். அடிமரம் பருக்குமே தவிர நீளாது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய படலம் (பள்ளிக்கூடத்தில் கேம்பியம் என்று படித்தோமே) பக்கவாட்டில்தான் மரத்தைப் பெருக்கும். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துப் பூவரசில் பேனாக்கத்தியால் என் பெயரின் முதல் எழுத்தை வெட்டினேன். அப்போது அது என் மூக்குக்கு நேர். போன பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன், என் நெஞ்சுக்குக் கீழே இருந்தது. மரம் இறங்கவில்லை, நான்தான் வளர்ந்திருக்கிறேன். இரண்டு விரல் அகலத்தில் வெட்டியது உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து, ஓரமெல்லாம் உதடு மாதிரி தடித்திருந்தது. அது காயம் ஆறிய தழும்பு. தடவிப் பார்த்தபோது ரொம்ப வருத்தமாக இருந்தது.

இந்த விரிவை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். எழுத்தின் உயரம் மாறாது, அகலம் மட்டும் ஏறக்குறைய மரத்தின் சுற்றளவோடு சேர்ந்து கூடும். படத்தில் அந்த '0' உயரத்தைப் போல மூன்று மடங்கு அகலமாகப் படுத்துக் கிடக்கிறது. வெட்டும்போது வட்டமாக இருந்தது என்று வைத்தால், மரம் அதற்குப் பிறகு மூன்று மடங்கு பருத்திருக்கிறது. அண்ணாச்சி கயிறு போட்டு அளந்தது 19 அடி. அப்படியானால் 1913-இல் ஆறடிக்குச் சற்று மேல். நூற்றுப் பத்து வருஷத்தில் 13 அடி கூடியிருக்கிறது, வருஷத்துக்கு ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதே வேகத்தில் முதல் ஆறடிச் சொச்சத்துக்கு ஐம்பத்தைந்து வருஷம். மொத்தம் 165. ஆனால் பூஜ்யத்தை நாம் ஒல்லியாகத்தானே எழுதுகிறோம்? அகலம் உயரத்தில் பாதி என்று வைத்தால் 130-தான் வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கலாம் என்பதுதான் என் மதிப்பீடு.

ஒரு சிக்கல் உண்டு. ஆலமரத்தில் விழுதும் தரையைத் தொட்டுப் பருத்து அடிமரம் மாதிரியே ஆகிவிடும், பக்கத்து விழுதோடு ஒட்டியும் போகும். எண் இருப்பது தாய்மரத்திலா, பருத்த விழுதிலா? விழுது என்றால் நாம் கண்டது விழுதின் வயதுதான், மரம் அதைவிட மூத்தது. இங்கே சென்னையில் அடையாறு ஆலமரத்துக்கு 450 வயது என்கிறார்கள். அதன் தாய்மரம் 1989 புயலில் விழுந்துவிட்டது. இன்று நிற்பதெல்லாம் விழுதுகள். அவற்றில் எதை அளந்தாலும் 450 கிடைக்காது.

அப்புறம், மரத்தில் துளைபோட்டு வருஷ வளையத்தை எண்ணி வயது பார்க்கலாம் என்ற யோசனை. தயவுசெய்து வேண்டாம். தேக்கில் வருஷ வளையம் நன்றாகத் தெரியும். ஆலில் அப்படி நம்பி எண்ண முடியாது. போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீரும் பூஞ்சையும் உள்ளே போவதுதான் மிச்சம். எண்ணுக்கு வெள்ளைப் பெயின்ட் அடிப்பதும், அடியைச் சுற்றி சிமென்ட் மேடை கட்டுவதும் வேண்டாம். வேருக்கு மூச்சு முட்டும்.

ஊரில் இருக்கிற தம்பிகள் யாராவது ஒரு காரியம் செய்யுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அடிக்கோலை வைத்து நேராக ஒரு படம் எடுங்கள். சுற்றளவைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், விழுது ஒட்டாத இடமாகப் பார்த்து அளங்கள். எண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ மங்கலாக எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ் எண்ணில் 7-ஐக் குறிக்கும் ௭ பார்க்க 'எ' மாதிரி, 8-ஐக் குறிக்கும் ௮ 'அ' மாதிரி. தமிழ் எண்ணா, பெயரின் முதல் எழுத்தா என்று குழப்பம் வரும். அதனால் கண்டதை அப்படியே படமாக அனுப்பினால் போதும். வீட்டில் பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் நான்கெல்லை பகுதியில் 'ஆலமரம்' என்று வருகிறதா என்று புரட்டிப் பாருங்கள். 1089-க்கு முந்தைய பத்திரம் ஒன்று கிடைத்தால் என் கணக்கைவிட அது பெரிய சாட்சி.

அதுவரை பலகைப் பணம் கணக்கிலேயே இருக்கட்டும். ஆவணியில் நான் ஊருக்கு வருகிறேன், டேப்பும் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
கீழத்தெரு வாத்தியார் வீட்டுப் பிள்ளை,
சென்னை