மறு: புரோட்டீன் ஸ்கிம்மருக்குத் தமிழ்ச்சொல் – நுரைவாரி?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கடல்நீர் மீன்தொட்டியில் அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற கருவிக்கு "நுரைவாரி" என்று சொல்லலாமா என்ற கேள்வியைத் தொடங்கியவன் நான் என்பதால், இதுவரை வந்த பரிந்துரைகளுக்கு ஒரே மடலில் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மடலில் பின்னணியைச் சரியாகச் சொல்லவில்லை. என் அக்கா மகன் சென்னையில் முதல்முறையாகக் கடல்நீர் மீன்தொட்டி வைக்கப் போகிறான். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 255 லிட்டர். நன்னீர்த் தொட்டியில் நல்ல பழக்கம் உள்ளவன்தான். ஆனால் கடல்நீர்த் தொட்டிச் சாமான்களில் பாதிப் பெயர் அவனுக்கே புதிது. கண்ணாடி ஒட்டுபவர், மேசை செய்யும் ஆசாரி, குழாய் போடுபவர் மூவருக்கும் ஆளுக்கொரு தாளில் "தமிழ்ல எழுதிக் கொடுங்க மாமா" என்றான். எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அந்த வரியில் இருந்ததுதான் புரோட்டீன் ஸ்கிம்மர்.

> புரத நீக்கி என்றே வைத்துவிடலாம். புரோட்டீன் என்றால் புரதம். இதில் என்ன சிக்கல்?

ஐயா, நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அந்தக் கருவி புரதத்தை மட்டும் எடுப்பதில்லை. மீன் கழிவு, மிச்சத் தீனி, மீன் உடம்பின் வழவழப்பு எல்லாம் கரைந்து நீரில் பலவகைக் கரிமப் பொருள்களாக இருக்கும். அவற்றில் ஒரு முனை நீரை விரும்பி, மறுமுனை நீரை வெறுக்கும் மூலக்கூறுகள் காற்றும் நீரும் தொடும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கருவிக்குள் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழிகள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு குமிழியின் மேலும் இந்த அழுக்கு ஒட்டி, நுரையாகத் திரண்டு, குறுகிய கழுத்து வழியாக உயர்ந்து, மேலே உள்ள கோப்பையில் வழிந்து விழுகிறது. அவ்வளவுதான் வேலை.

"புரத நீக்கி" என்று படிக்கிற புதியவர், நீரில் எங்கோ புரதம் என்று ஒரு கெட்ட பொருள் இருப்பதாகவும், இது அதை வடிகட்டுவதாகவும் நினைப்பார். அம்மோனியாவையும் இதுவே எடுத்துவிடும் என்று நம்பியவர்களை எனக்குத் தெரியும். எடுக்காது. அம்மோனியாவும் நைட்ரேட்டும் குமிழியில் ஒட்டுகிற சாதி இல்லை. அழுகி அம்மோனியாவாக மாறும் முன்பே அழுக்கை வெளியேற்றுவதுதான் இதன் சிறப்பு. நுரைதான் வேலை செய்கிறது, அதனால் பெயரிலும் நுரை இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நுரை அழுக்கைச் சுமக்கும் என்பது நமக்குப் புதிய செய்தியா? சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது ஒரு கரண்டி பால் விடுகிறோம். அழுக்கெல்லாம் நுரையோடு திரண்டு மேலே வரும், எடுத்து வெளியே கொட்டுகிறோம். வெல்லம் காய்ச்சும் இடத்தில் கொப்பரை முன் நின்று பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கரும்புச்சாறு கொதித்து அழுக்கு நுரை பொங்கப் பொங்க, நீளக் காம்புக் கரண்டியால் வாரி வாரி எடுப்பார்கள். 2019 டிசம்பரில் மழைக்குப் பிறகு மெரினாக் கரையில் வெள்ளை வெள்ளையாக நுரை ஒதுங்கியதும் இதே கதைதான். சாக்கடை நீரும் சோப்புக் கழிவும் கடலில் கலந்து, அலை அதை நுரையாக்கிக் கரையில் தள்ளியது. குழந்தைகள் அதில் விளையாடியதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது.

> நுரைப்பிரிப்பான் பொருத்தமாகப் படுகிறது. வேதிப் பொறியியலில் இம்முறைக்கு நுரைப்பிரிகை என்று வைத்தால் இரண்டும் ஒரே வேரில் நிற்கும்.

தோழி, இது நல்ல சொல். நுரைப்பிரிகை என்பதை முறையின் பெயராக அப்படியே ஏற்கிறேன். கருவிக்கு மட்டும் தயங்குகிறேன். நுரையைப் பிரிக்கிறது என்றால் நுரை முன்பே நீரில் இருந்ததுபோலவும், இது அதை வேறாக்குவதுபோலவும் ஒலிக்கிறது. உண்மையில் கருவிதான் நுரையை உண்டாக்குகிறது. இன்னொன்று, ஐந்து எழுத்தும் மூன்று ஒற்றும் சேர்ந்து வாயில் கனக்கிறது. குழாய் போடுபவர் ஏணிமேல் நின்றுகொண்டு "அந்த நுரைப்பிரிப்பானை எடு" என்பாரா? மண்வாரி என்பதுபோல "நுரைவாரியை எடு" என்பார்.

> வாரி என்றால் கையால் அள்ளுவது. தானே ஓடும் கருவிக்கு ஒட்டுமா?

இந்தக் கேள்விக்காக இரண்டு நாள் யோசித்தேன். கை வாரவில்லை என்பது சரி. ஆனால் குமிழி வாருகிறது. அடியிலிருந்து மேலே போகும் வழியில் எதிர்ப்படுகிற அழுக்கையெல்லாம் ஒவ்வொரு குமிழியும் வாரிக்கொண்டுதான் ஏறுகிறது. வெள்ளம் வாரிக்கொண்டு போனது, காற்று வாரி இறைத்தது என்றெல்லாம் சொல்லும்போது அங்கே எந்தக் கையும் இல்லையே. வாரி என்றால் கடல் என்றும் பொருள் உண்டு. அது தற்செயல்தான், இருந்தாலும் இந்தக் கருவிக்குப் பொருந்துகிறது. நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும், நுரையும் நிற்காது. உப்பு நீரில் அவை சேராமல் பொடியாகவே இருக்கும். அதனால்தான் நன்னீர்த் தொட்டிக் கடைகளில் இதைப் பார்க்க முடிவதில்லை. நுரைவாரி கடல்நீருக்கே உரிய கருவி.

> ஸ்கிம்மர் என்றே இருக்கட்டுமே. பம்பை நாம் மாற்றவில்லையே.

பம்பு, வால்வு, ஆர்.ஓ. தண்ணீர் எதையும் நான் மாற்றவில்லை, மாற்றவும் வேண்டாம். அவற்றைக் கேட்டால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். கேட்டவுடன் என்ன செய்யும் என்று தெரியாத பெயருக்கும், தவறாகத் தெரிகிற பெயருக்கும் மட்டும்தான் சொல் தேடுகிறேன். அப்படித் தவறாகப் புரிந்து தொட்டியையே கெடுத்த ஒரு சொல்லைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது கலிங்குக்கு வருகிறேன். ஏரி நிறைந்தால் மிகுந்த நீர் வழிந்து போகக் கட்டியிருக்கும் கல்கட்டுதான் கலிங்கு, கலிங்கல் என்றும் சொல்வார்கள். உண்மையில் இந்த மடலை எழுதத் தூண்டியதே இதுதான்.

மீன் இருக்கும் தொட்டி மேசைமேல், கருவிகள் இருக்கும் இன்னொரு தொட்டி மேசைக்குள் கீழே. மேல்தொட்டியில் நீர் ஒரு மட்டத்துக்கு மேல் போனால் வழிந்து, குழாய் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்க ஒரு சிறு பெட்டி ஒட்ட வேண்டும். கீழிருந்து பம்பு நீரைத் திரும்ப மேலே ஏற்றும். அதன் விளிம்பில் சீப்புப் பல்போல வெட்டியிருப்பார்கள், மீன் போகாமல் நீர் மட்டும் போகும். ஓவர்ஃப்ளோ என்பதை "வழிவுப் பெட்டி" என்று எழுதிக் கண்ணாடி ஒட்டுபவரிடம் கொடுத்தோம். அவர் தலையைச் சொறிந்தார். "ஏரிக்கு கலிங்கல் இருக்குமே, அதுமாதிரி" என்று சொன்னேன். அவர் மதுராந்தகத்துக்காரர். தாளை வாங்கி அவரே வரைய ஆரம்பித்துவிட்டார். "அப்ப பல்லு எல்லாம் கலிங்கல் கல்லு மாதிரி" என்றார். ஏரிக் கலிங்கில் வரிசையாகக் கற்களை நட்டு, இடையில் பலகையோ மண்ணோ வைத்து மட்டத்தைக் கூட்டுவார்களே, அதைச் சொன்னார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. மதராஸ் மாகாணத்துப் பாசனப் பொறியாளர்கள் ஆங்கிலத்திலும் நம் சொல்லையே "கலிங்குலா" என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் கடன் வாங்கிய சொல்லை நாம் மறந்துவிட்டு, ஓவர்ஃப்ளோவுக்குத் தமிழ் என்னவென்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

> எங்கள் பக்கம் குளம் வான் பாயும் என்போம். கலிங்கு என்ற சொல் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்து அன்பருக்கு நன்றி. இரணைமடுக் குளம் வான் பாய்கிறது என்று செய்திகளில் படித்திருக்கிறேன். தென்பாண்டிப் பக்கம் மறுகால் பாயும் என்பார்கள். மூன்றும் உயிருள்ள சொற்கள். எழுத்தில் கலிங்கு என்று வைத்து, அவரவர் ஊரில் வான், மறுகால் என்று சொல்லட்டும். ஒரு பொருளுக்கு ஒரே சொல்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. கேட்பவர் மனதில் சரியான படம் வந்தால் போதும்.

அந்தப் படம் ஏன் முக்கியம் என்றால், கணக்கே அதில்தான் இருக்கிறது. கரண்ட் போனால் பம்பு நிற்கும். கலிங்கு மட்டத்துக்கு மேலே உள்ள நீர் முழுவதும் கீழே இறங்கும். இந்தத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஐந்தரை லிட்டர் நீர். மூன்று சென்டிமீட்டர் மேலே நின்றால் பதினாறு லிட்டருக்கு மேல் இறங்கும். அதோடு, மேலே நீர் கொட்டும் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால் அதுவே எதிர்த்திசையில் நீரை உறிஞ்சிக் கீழே இறக்கும். அதைத் தடுக்கக் குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளை போட வேண்டும். இவ்வளவு நீரையும் தாங்கக் கீழ்த்தொட்டியில் எப்போதும் வெற்றிடம் விட்டிருக்க வேண்டும். என் முதல் தொட்டியில் இதை விடவில்லை. ஒரு மே மாத இரவு மின்வெட்டில் கூடம் முழுக்க உப்புத் தண்ணீர் நின்றது, மேசைப் பலகை ஊறி உப்பிவிட்டது. அன்று எனக்குக் கலிங்கு என்ற சொல் நினைவில் இருந்திருந்தால், ஏரி நிறைந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டிருப்பேன்.

ஆசாரியின் தாளுக்கும் நுரைவாரிதான் அளவுகோல். அது கீழ்த்தொட்டிக்குள் உட்கார வேண்டும், கோப்பையைக் கழற்றி எடுக்க மேலே கைக்கு இடம் வேண்டும். ஆகவே நுரைவாரியை முதலில் தேர்ந்தெடுத்து, அதன் உயரத்துக்கு மேசையைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். மேசையை முதலில் செய்துவிட்டு, நுழையாத கருவியோடு திண்டாடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. நுரைவாரி நிற்கும் அறையில் நீர்மட்டம் மாறவும் கூடாது. மாறினால் நுரையின் உயரமும் மாறும். அதற்காகக் கீழ்த்தொட்டியில் தடுப்புக் கண்ணாடி வைத்து அறை பிரிக்கிறோம்.

தவறாகப் புரிந்து கெடுத்த சொல் என்றேனே, அது சைக்கிளிங். மீன் விடும் முன், அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்களைத் தொட்டியில் குடியேற்றுவதுதான் அது. இதைச் சுழற்சி என்று எழுதியதை நம்பி, ஒருவர் பம்பை ஓடவிட்டு நான்கு வாரம் உப்பு நீரைச் சுழலவைத்தார். பிறகு மீன் விட்டார். எல்லாம் செத்தன. நீர் சுழன்றது உண்மை. ஆனால் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேறவே இல்லை. அவற்றுக்குத் தீனியாக ஆரம்பத்திலேயே கொஞ்சம் அம்மோனியா கிடைக்க வேண்டும், அந்த நான்கு வாரமும் அது இல்லை. புதுத் தோசைக்கல் வாங்கினால் என்ன செய்கிறோம்? பழக்குகிறோம். எண்ணெய் தடவி, சுட வைத்து, அவசரப்படாமல். தொட்டியையும் பழக்க வேண்டும். "தொட்டியைப் பழக்குதல்" என்று சொன்னதும் அக்கா மகனுக்கு, அவன் அம்மாவுக்கு, எல்லோருக்கும் புரிந்தது. "பழகிடுச்சா?" என்று அக்காவே தொலைபேசியில் கேட்கிறாள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடும். அதனால் ஈடுகட்ட ஊற்றுவது உப்பில்லாத நல்ல நீராக இருக்க வேண்டும். இதற்கு "ஈடுநீர்" என்று வைத்திருக்கிறேன். கீழ்த்தொட்டியும் சேர்த்து 300 லிட்டர் நீரில் தினம் ஐந்து லிட்டர் ஆவியானால், ஆறு நாளில் உப்பு 35லிருந்து 39க்குப் போய்விடும் (ஆயிரத்துக்கு இத்தனை பங்கு என்ற கணக்கில்). உப்பை அளப்பதற்கு உவர்மானி என்று ஒருவர் சொன்னார், எனக்குச் சம்மதம். குளிர்நாட்டுப் பட்டியல்களில் முதலில் வரும் ஹீட்டரை எடுத்துவிட்டேன். சென்னைக்கு நீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வேண்டும், முடியாவிட்டால் நீர்மேல் காற்றாடி. காற்றாடி வைத்தால் ஈடுநீர் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

உயிர்ப்பாறை (ஆங்கிலத்தில் லைவ் ராக், பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கடற்கல்) என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து விளக்கமில்லாமல் பரப்ப வேண்டாம். அதைப் படித்துவிட்டு யாராவது ராமேசுவரம் பக்கத்து மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ முருகைக்கல் (பவளக்கல்) கேட்டுப் போய்விடக் கூடாது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986லிருந்து கடல் தேசியப் பூங்கா. அக்கா மகன் செயற்கைக் கல் வாங்கி, அதையே பழக்கப் போகிறான். மீனும் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் இரண்டு மட்டும்தான். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அந்த இனங்களைப் பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. கடலிலிருந்து பிடித்ததை வாங்கத் தேவையில்லை.

ஒரு சொல் இன்னும் பாக்கி. நுரைவாரியின் காற்றையோ நீர்மட்டத்தையோ மாற்றினால் நுரை இரண்டு விதமாக வரும். ஒன்று தேநீர் நிறத்தில் தளதளவென்று சீக்கிரம் வழியும், அதோடு உப்பு நீரும் நிறையப் போகும். மற்றது கெட்டியாக, கறுப்பாக, மெதுவாக ஏறும். ஆங்கிலத்தில் ஈர நுரை, உலர்ந்த நுரை என்கிறார்கள். நுரை உலர்ந்திருப்பது எனக்குப் பிடிபடவில்லை. இளம்பாகு, முற்றிய பாகு என்பதுபோல இளநுரை, முற்றிய நுரை என்று எழுதியிருக்கிறேன். கோப்பையில் சேரும் நாற்றமெடுத்த கறுப்புத் தண்ணீருக்குக் கசடு என்றேன். ஆனால் கசடு அடியில் தங்குவது, இது மேலே வருவது. வெல்லம் காய்ச்சுகிற ஊர்க்காரர்கள் குழுவில் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். கொப்பரையிலிருந்து வாரி எடுக்கும் அந்த அழுக்குக்கு உங்கள் ஊரில் தனிப்பெயர் உண்டா? பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். குழாய் போடுபவர் ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறார், அதற்குள் தாளைப் படி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்