டெஸ்க்டாப்புக்கு எந்த பிரவுசர் போடலாம்?

முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்று ஒரே ஒரு தடவைதான் தேடினேன். பத்து நாளாக எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முழங்கால் பட்டை விளம்பரம். செய்தி படிக்கப் போனாலும் ஓரத்தில் அதே பட்டை! சரி, பிரவுசரையே மாற்றிவிடலாம் என்று லிப்ரெவுல்ஃப் போட்டேன். யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் கூடவே வருகிறது, பிடித்திருந்தது. ஆனால் மூடித் திறந்தால் குக்கீ எல்லாம் அழிந்து, ஒவ்வொரு தளத்திலும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கிறது. வேண்டிய தளங்களுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம்தான். அப்படி வைத்து நாள் முழுக்க வேலை பார்ப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பிரேவ் பிரவுசர் குரோமியத்தில் (கூகுள் குரோமுக்கும் அதுதான் அடிப்படை) ஓடுவதால் தளங்கள் சிக்கலில்லாமல் திறக்கும். ஆனால் கூடவே வரும் கிரிப்டோ வாலட் எனக்கு எதற்கு? இல்லை, பயர்பாக்ஸிலேயே கண்காணிப்புத் தடுப்பை 'ஸ்டிரிக்ட்'டில் வைத்தால் போதுமா? டோர் பிரவுசர் வேண்டாம், அன்றாட வேலைக்கு ரொம்ப மெதுவு.