ஊமைப்பட கௌபாய் காமெடியில் பிள்ளைகளுக்கு எதைப் போடலாம்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மொட்டை மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டித் தெருப் பிள்ளைகளுக்குப் படம் போடுகிறேன். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம், அதனால் பேச்சே இல்லாத சின்னப் படமாகச் சொல்லுங்கள்.

பதில்: அண்ணா, அமெரிக்க ஊமைப்பட காமெடி நடிகர் பஸ்டர் கீட்டனின் ‘தி பேல்ஃபேஸ்’, 1922. பட்டாம்பூச்சி பிடிக்க வலையோடு வருகிற மனுஷனை அமெரிக்கப் பழங்குடியினர் கம்பத்தில் கட்டித் தீ வைப்பார்கள், உள்ளே தீப்பிடிக்காத ஆஸ்பெஸ்டாஸ் உடுப்பு போட்டிருப்பதால் ஒன்றும் ஆகாது, அப்பவும் கீட்டன் முகத்தில் சிரிப்பே வராது பாருங்கள்!

இன்னொரு பதில்: அதே கால காமெடி நடிகர் ஆர்பக்கிளின் ‘அவுட் வெஸ்ட்’, 1918. வில்லன் மண்டையில் எத்தனை பாட்டில் உடைத்தாலும் அசைய மாட்டான், கிச்சுகிச்சு மூட்டினால் சுருண்டுவிடுவான். ஆனால் கறுப்பினத்தவர் ஒருவரின் காலடியில் சுட்டு ஆடவைக்கிற காட்சி இருக்கிறது, அது பிள்ளைகளுக்கு வேண்டாம்.

கேட்டவர்: சரி, முதலில் பேல்ஃபேஸ். படத்தின் நடுவே எழுத்தாக வரும் வசன அட்டைகளை நானே இரண்டு மொழியிலும் சொல்லிவிடுகிறேன்.