எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ் ஒலிநூல்: எல்லாரும் சிரிக்கிறார்கள், எனக்கு மட்டும் வரவில்லை. உதவி தேவை

பிறைக்காரன்:
வணக்கம். கிரெய்க் ஆலன்சன் எழுதிய எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ் என்ற அறிவியல் புனைகதைத் தொடரில் முதல் நூலான கொலம்பஸ் டே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாசிப்பு ஆர்.சி. பிரே. பிறையிலிருந்து பாயான் லெப்பாஸுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவன் நான். காலையில் பினாங்குப் பாலத்தில் ஜாம் பிடித்தால் கேட்க நேரம் தாராளம். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் மச்சான் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாகச் சொன்னான், அதனால்தான் காசு கொடுத்து வாங்கினேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதை புரிகிறது, சண்டையெல்லாம் விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நகைச்சுவை என்று நன்றாகத் தெரிகிற இடத்தில்கூட வாசிப்பவர் மூச்சு விடாமல் அடுத்த வரிக்கு ஓடுகிறார். இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது எது யார் சொன்னது என்றே சில நேரம் குழம்புகிறது. வேகம் 1.0தான், கூட்டவில்லை. ஆண்ட்ராய்டு போன், புளூடூத் இயர்பட். பக்கத்து சீட்காரர் பேசினால் கேட்க வேண்டுமே என்று ஒரு காதில் மட்டும்தான் போடுவேன். கோளாறு நூலிலா, வாசிப்பிலா, என் போனிலா?

செந்தூல்வாசி:
அண்ணே, நூலில் எந்த இடத்தில் இருக்கிறீர்கள்? ஏறக்குறைய 16 மணி நேரம் ஓடும் நூல் அது. முன்பகுதி கிட்டத்தட்ட நேரான ராணுவக் கதைதான். ருஹார் என்ற வேற்றுக்கிரகக் கூட்டம் பூமியைத் தாக்குகிறது. விடுப்பில் மெய்ன் மாநிலத்துச் சொந்த ஊருக்கு வந்திருக்கும் அமெரிக்கச் சிப்பாய் ஜோ பிஷப், பார்னி என்ற குழந்தைகள் டிவி டைனோசரின் படம் போட்ட ஐஸ்கிரீம் வண்டியை வைத்து அவர்களில் ஒருவனைப் பிடிக்கிறான். அதற்குப் பிறகு அவன் என்ன பதவிக்குப் போனாலும் பட்டப்பெயர் பார்னிதான். அப்புறம் கிறிஸ்டாங் என்ற இன்னொரு வேற்றுக்கிரகக் கூட்டம் வந்து காப்பாற்றுவது போல் காப்பாற்றி, மனிதப் படைகளை பாரடைஸ் கிரகத்துக்கு அனுப்புகிறார்கள். இதுவரை லேசான சிரிப்புதான். பியர் டின் மாதிரி இருக்கிற செயற்கை அறிவான ஸ்கிப்பி வந்த பிறகுதான் தொடரின் உண்மையான குணம் தெரியும். அவன் வருவதற்கு முன்பே மூடி வைத்தவர்கள் நிறைய. கொஞ்சம் பொறுங்கள்.

பிறைக்காரன்:
ஸ்கிப்பி வந்துவிட்டான் தம்பி. வந்ததும் வராததுமாக மனிதர்களையெல்லாம் குரங்கு என்கிறான், தன்னை மகிமை பொருந்தியவன் என்கிறான். சிரிக்க வேண்டிய இடம் என்று புத்திக்குத் தெரிகிறது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை. இன்னொன்று. மச்சானிடம் மின்னூல் இருக்கிறது. அதே பகுதியை அதில் படித்துப் பார்த்தேன், சிரிப்பு வந்தது. காதில் கேட்டால்தான் வரவில்லை.

ஆயர் ஈத்தாம் அக்கா:
படித்தால் சிரிப்பு வருகிறது, கேட்டால் வரவில்லை என்றால் நூலை விட்டுவிடலாம். பிரேயையும் விட்டுவிடலாம். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவன் கதையான தி மார்ஷியன் நாவலை வாசித்து, ஒலிநூல்களுக்கான ஆடி (Audie) விருதை 2015இல் வாங்கியவர் அவர். செத்துப்போகும் நிலையில் ஒருவன் ஜோக் அடிப்பதை அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தத் தொடரில் மெத்தனமாகப் பேசும் ஜோவும் அவர்தான், மூக்கால் ஏளனம் செய்யும் ஸ்கிப்பியும் அவர்தான். யார் பேசுகிறார் என்பதே குழம்புகிறது என்றால் எனக்கு வேறு சந்தேகம்.

ஒரு சோதனை செய்யுங்கள். ஏதாவது ஓர் அத்தியாயத்தின் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டு, கைக்கடிகாரத்தில் பத்து நிமிடம் பாருங்கள். பிளேயரும் அதே பத்து நிமிடம்தான் நகர்ந்திருக்க வேண்டும். அதிகமாக நகர்ந்திருந்தால் வந்து சொல்லுங்கள். சரியாக இருந்தால் இயர்பட்டைக் கழற்றிவிட்டு போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். மலிவான சில புளூடூத் கருவிகள் அமைதியான இடத்தில் தாமே ஒலியை அடைத்துவிட்டு, திரும்பப் பேச்சு வரும்போது முதல் அசையை விழுங்கிவிடும்.

பிறைக்காரன்:
அக்கா, கடிகாரத்தில் பத்து நிமிடம் ஆனபோது பிளேயர் பதினொன்றைத் தாண்டியிருந்தது! வேகம் என்னவோ 1.0 என்றுதான் காட்டுகிறது.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அதேதான். மௌனத்தை வெட்டும் வசதி ஆன் ஆகியிருக்கிறது. ஸ்கிப் சைலன்ஸ், ட்ரிம் சைலன்ஸ் என்று ஒவ்வொரு பிளேயரும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். பெரும்பாலும் வேகம் மாற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும், அணைத்துவிடுங்கள். ஒலி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தால், "இங்கே ஒன்றுமில்லை" என்று அந்தத் துண்டைக் கத்தரித்து எறிவதுதான் அதன் வேலை. பேச்சின் வேகத்தை அது தொடுவதே இல்லை, அதனால்தான் எண் மாறவில்லை. செய்திக்கும் பாடப் பதிவுக்கும் அருமையான வசதி. நகைச்சுவைக்கு எமன். செந்தில் பதில் சொன்னதும் கவுண்டமணி ஒரு விநாடி முறைப்பாரே, அதை வெட்டிவிட்டு உதையை மட்டும் காட்டியது போல ஆகிவிடும்.

இந்தத் தொடரில் பாதி சிரிப்பு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஸ்கிப்பி நீட்டி முழக்கி ஒரு திட்டத்தைச் சொல்வான். ஜோ பேசாமல் இருப்பான். அப்புறம் ஒரே வார்த்தை. அந்தப் பேசாமல் இருக்கும் நேரம் போய்விட்டால், திட்டம், பதில் என்று ராணுவ அறிக்கை வாசித்த மாதிரி இருக்கும். ஆள் மாறுவதும் அப்படித்தான். ஒரே தொண்டையிலிருந்து இரண்டு பேர் வரும்போது, நடுவில் விடும் சின்ன மூச்சை வைத்துத்தான் நம் காது பிரித்துக்கொள்கிறது.

பிறைக்காரன்:
அணைத்துவிட்டேன். வேறு ஆளே வந்து வாசிப்பது போல இருக்கிறது! இந்த போன் முன்பு மகள் வைத்திருந்தது, கல்லூரி விரிவுரைக்காகப் போட்டு வைத்திருக்கிறாள். ஸ்கிப்பி அறிமுகமாகும் இடத்தை மறுபடி கேட்டேன். பஸ்ஸில் சத்தமாகச் சிரித்து, டிரைவர் கண்ணாடியில் என்னைத் தேடும்படி ஆயிற்று.

பத்துமலை அடிவாரம்:
கொண்டாட்டத்தைக் கெடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். சில நூல்கள் போனதும் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த கதை என்று தெரிந்துவிடும். தப்பிக்கவே முடியாத சிக்கல், "முடியாது" என்று ஸ்கிப்பி கைவிரிப்பது, ஜோவுக்குக் கிறுக்குத்தனமான யோசனை வருவது, ஒரு குரங்குக்குத் தோன்றியது நமக்குத் தோன்றவில்லையே என்று ஸ்கிப்பி குமுறுவது. நான் பாதியில் இறங்கிவிட்டேன். ராணுவத்தையே கடித்துக் குதறும் நகைச்சுவை வேண்டுமென்றால் 1965இல் ஹாரி ஹாரிசன் எழுதிய பில், த கேலக்டிக் ஹீரோ இருக்கிறது. ஆலன்சன் சிப்பாய்களைச் செல்லமாகக் கிண்டல் செய்கிறார், அவ்வளவுதான்.

செந்தூல்வாசி:
அச்சு இருப்பது உண்மைதான். ஆனால் எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே கேட்கிறவனுக்கு அதுவே வசதி. மஸ்ஜிட் ஜாமெக்கில் கூட்டம் ஏறி கவனம் சிதறினாலும் கதை கையை விட்டுப் போகாது.

பிறைக்காரன்:
நான் இன்னும் முதல் நூலிலேயே நிற்கிறேன், அலுப்பதற்கு நாளாகும். அடுத்து எந்த வரிசையில் வாங்குவது? 3.5, 7.5 என்றெல்லாம் எண் போட்டிருக்கிறதே.

செந்தூல்வாசி:
2 ஸ்பெக் ஆப்ஸ், 3 பாரடைஸ். அதற்குப் பிறகு டிரபிள் ஆன் பாரடைஸ், அதுதான் 3.5, குறுநாவல். 4 பிளாக் ஆப்ஸ், 5 ஸீரோ அவர், 6 மேவரிக்ஸ், 7 ரெனகேட்ஸ். 7.5 ஹோம்ஃப்ரண்ட், 2019இல் வந்தது. பிறகு 8 ஆர்மகெடான். அதற்கு மேல் எண்ணைப் பார்த்து வாங்கினால் போதும். 15ஆம் நூலான ஃபெயிலியர் மோட் பெரிய கதையை ஒரு முடிவுக்குக் கொண்டுவருகிறது, அதற்குப் பிறகும் வந்திருக்கின்றன. ஹோம்ஃப்ரண்ட்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள் அண்ணே. ஒருவர் உட்கார்ந்து வாசிப்பது இல்லை, பல நடிகர்கள் நடித்த ஒலி நாடகம்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அங்கே உங்கள் ஒற்றைக் காது பழக்கம் தொல்லை கொடுக்கும் தம்பி. தனி ஆள் வாசிப்பு இரண்டு காதிலும் அநேகமாக ஒன்றாகவே விழும், ஒன்றை விட்டாலும் நஷ்டமில்லை. ஒலி நாடகத்தில் குரல்களையும் வெடிச் சத்தத்தையும் இடம் வலம் என்று பிரித்து வைப்பது வழக்கம். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டால் ஓர் ஆள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் போய், அணுகல்தன்மையில் மோனோ ஆடியோ என்று தேடுங்கள். அதை ஆன் செய்தால் இரண்டு பக்கமும் கலந்து ஒரே காதில் வந்துவிடும். சில இயர்பட்கள் ஒன்றை மட்டும் வெளியே எடுத்தால் தாமே அப்படி மாறிக்கொள்ளும். உங்களுடையது மாறுகிறதா என்று தெரிய, ஹோம்ஃப்ரண்ட்டில் ஆட்கள் நிறைந்த ஒரு காட்சியை இடது இயர்பட்டில் மட்டும் ஒரு முறை, வலதில் மட்டும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகக் கேட்டால் அமைப்பைத் தொட வேண்டாம்.

பிறைக்காரன்:
சரி அக்கா, குறித்துக்கொண்டேன். பிரச்சினை தீர்ந்தது, இழையை மூடிவிடலாம். மௌனம் வெட்டும் சுவிட்சைப் பற்றி மச்சானிடம் சொன்னால், அவன் போனிலும் அது ஆன் ஆகித்தான் இருக்கிறதாம். அப்படியே கேட்டும் சிரித்திருக்கிறான், அவனை என்ன செய்வது?