லாஸ் வேகாஸில் அறை சும்மா கிடைக்குமாம், உண்மையா?

உப்புவெளி மகள்:
ரொறன்ரோவில் இருக்கும் அத்தான், அம்மாவையும் என்னையும் மார்கழியில் லாஸ் வேகாஸுக்குக் கூட்டிப்போகிறார். "கசினோ உறுப்பினர் அட்டை இருக்கிறது, அறை சும்மா கிடைக்கும்" என்கிறார். சூது என்ற பேச்சு எழுந்தாலே அம்மா எழுந்து போய்விடுவார். அந்த அறைக்குப் பிறகு யாராவது காசு கேட்பார்களா?

கோணமலைக் கணக்கர்:
தங்கச்சி, கொழும்பில் ஒரு கசினோவின் கணக்குப் பிரிவில் வேலை செய்தவன் நான். அத்தான் சொல்வது பொய்யில்லை. ஆனால் அறையின் விலையை மேசையிலேயே பிடித்துக்கொள்வார்கள். அட்டையைக் கொடுத்ததும் மேற்பார்வையாளர் குறிக்கத் தொடங்குவார்: அத்தான் சுற்றுக்கு எவ்வளவு வைக்கிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார். அன்று வென்றாரா தோற்றாரா என்பது இரண்டாம்பட்சம். அந்த ஆட்டத்தில் சராசரியாக எவ்வளவு இழப்பார் என்பதே கணக்கு.

உதாரணமாக, பந்து எந்த எண்ணில் விழும் என்று காசு வைக்கும் ரூலட் ஆட்டத்தைப் பாருங்கள். அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள்: 1 முதல் 36 வரை, கூடவே 0, 00. வைத்த எண்ணே விழுந்தாலும், வைத்த காசோடு மேலே 35 மடங்குதான் தருவார்கள். அதனால் 100 டொலரில் 5.26 டொலர் அவர்களுக்கு. சுற்றுக்கு 10 டொலர், மணிக்கு 40 சுற்று, நான்கு மணிநேரம் என்றால் மேசையில் 1,600 டொலர் புரளும். சுமார் 84 டொலர் போகும். அதில் ஒரு பங்குதான் அறையாகத் திரும்பி வருகிறது. அறைக்காகவே அத்தான் இன்னும் ஒரு மணிநேரம் உட்காரப் பார்த்தால், தயவுசெய்து கையைப் பிடித்து எழுப்பிவிடுங்கள்.

நிலாவெளி:
கட்டணத்தையும் கேளுங்கள். அங்கே பெரும்பாலான ஹோட்டல்களில் இரவுக்கு இவ்வளவு என்று 'ரிசார்ட் கட்டணம்' தனியாக உண்டு. எம்ஜிஎம், சீசர்ஸ் என்ற இரண்டு கசினோ ஹோட்டல் நிறுவனங்களிலும் மேல்நிலை உறுப்பினர்களுக்கு அதைத் தள்ளுபடி செய்கிறார்கள். அத்தானின் அட்டை எந்த நிலை? வைப்புத்தொகைக்காகக் கடனட்டையும் கேட்பார்கள்.

அம்மாவுக்கு இன்னொரு சங்கடம்: பல ஹோட்டல்களில் சூதாட்ட மண்டபத்தைக் கடந்துதான் லிஃப்டுக்கே போகவேண்டும்.

கோணமலைக் கணக்கர்:
ஆமாம், அது முக்கியம். எம்ஜிஎம் அட்டையாக இருந்தால் 'விடாரா' ஹோட்டலில் அறை தருவார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். அதுவும் அவர்களுடையதுதான், உள்ளே கசினோ கிடையாது, புகைக்கவும் தடை.

உப்புவெளி மகள்:
நன்றி அண்ணா. எம்ஜிஎம் அட்டைதானாம். விடாராவைக் கேட்கச் சொல்லிவிட்டேன். அங்கே கிடைக்காவிட்டால் காசு கொடுத்தே வேறு இடத்தில் தங்குகிறோம்.